ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கல்வி, வரி, சாதி பற்றிக் கேட்பது எப்படி

சட்டமன்றத் தேர்தல் வந்தால் நம் தெருவுக்கு வரும் எல்லா வேட்பாளர்களும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். கல்வியை உயர்த்துவோம், வரிச்சுமையைக் குறைப்போம், சமூகநீதியைக் காப்போம். இதற்கு எதிராகப் பேசி ஓட்டுக் கேட்டவர் யாரும் இல்லை. அதனால் "கல்வி பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன" என்று பொதுவாகக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை, பதிலும் பொதுவாகவே வரும். எம்எல்ஏ ஆனால் அவர் கைக்கு வரும் அதிகாரத்துக்குள் என்ன செய்வார் என்று கேளுங்கள், ஆளுக்கு ஆள் பதில் மாறுவது அப்போதுதான் தெரியும்.

அந்த அதிகாரம் எவ்வளவு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 பேர். கட்சி கொறடா உத்தரவு போட்டுவிட்டால் அதை மீறி ஓட்டுப் போடவோ, ஓட்டுப் போடாமல் ஒதுங்கவோ கூடாது, மீறினால் பதவி போகும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படி. ஆகவே ஒரு மசோதாவில் உங்கள் எம்எல்ஏ கட்சியை எதிர்த்து நிற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்கலாம், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம், ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவை அனுமதி தரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதிப் பிரச்சினையைப் பேசலாம். இதெல்லாம் அவர் மனசு வைத்தாலே நடக்கும். தொகுதி மேம்பாட்டு நிதியும் இருக்கிறது, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்ற கணக்கில் பார்த்தால் ஐந்து வருஷத்துக்கு 15 கோடி. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதில் அவருடைய விருப்பம் நேராகத் தெரியும். ஏற்கெனவே எம்எல்ஏவாக இருப்பவர் மறுபடியும் நிற்கிறார் என்றால் அந்தச் செலவுப் பட்டியலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிலோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பட்டியலில் பள்ளி வகுப்பறை எத்தனை, நிழற்குடை எத்தனை, உயர்கோபுர மின்விளக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய கல்விக் கொள்கை அதில் இருக்கிறது.

அடுத்து, வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26. இந்த உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் வாரியாக இருக்கும், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சொத்துக் கணக்கை மட்டும் பார்த்து "அடேங்கப்பா" என்று மூடிவிடுகிறோம், அது போதாது. அதில் அவருடைய, மனைவி அல்லது கணவருடைய ஐந்தாண்டு வருமானம் இருக்கும். வரி குறைப்பேன் என்று மேடையில் பேசுகிறவர் தன் கணக்கில் என்ன வருமானம் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். அரசுக்கு வைத்திருக்கும் பாக்கிகள், அரசோடு செய்துள்ள ஒப்பந்தங்கள், நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் தனித்தனியாக வரும். வழக்கு என்றதும் மிரள வேண்டாம், சாலை மறியலுக்குப் போட்ட வழக்கும் அதில்தான் இருக்கும், பெண்ணைத் தாக்கியதற்குப் போட்ட வழக்கும் அதில்தான் இருக்கும். பிரிவு எண்ணைப் பார்த்து, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் என்ன குற்றம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமூகப் பிரச்சினைகளில் ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். அவருடைய சமூக வலைதளக் கணக்குகளும் அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும், தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னால் அவர் என்ன பதிவு போட்டார் என்று போய்ப் பாருங்கள்.

சரி, கல்விக்கு வருவோம்.

1976இல் 42ஆவது திருத்தம் வரும்வரை கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது, அதற்கப்புறம் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. அதாவது இரண்டு அரசும் சட்டம் போடலாம், மோதினால் பொதுவாக மத்திய சட்டம்தான் நிற்கும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் மாநிலச் சட்டம் இங்கே செல்லும். நீட் விவகாரம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். தொழிற்கல்விக்கு மாநிலம் நடத்திய நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, நடைமுறைக்கு வந்தது. நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பரில் பேரவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றினார்கள், கடைசியில் டெல்லியில் ஒப்புதல் மறுக்கப்பட்டது. எனவே "நான் வந்தால் நீட் போகும்" என்று ஒருவர் சொன்னால், எந்த வழியாக என்று கேளுங்கள். கூடவே இன்னொரு கேள்வி: அது போகும்வரை நம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. முன்னால் சொன்ன மசோதாவைப் போல அதற்கு டெல்லி ஒப்புதல் தேவைப்படவில்லை, மாநிலத்தின் அதிகாரத்துக்குள்ளேயே முடிந்தது. இப்படி கைக்கு எட்டும் தூரத்தில் என்ன செய்வார் என்று சொல்லத் தெரிந்தவர் விஷயம் தெரிந்தவர் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பணம் பற்றியும் கேட்க வேண்டும். மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மும்மொழி சொல்லும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும். தமிழ்நாடு போடவில்லை என்பதால், பள்ளிக் கல்விக்கு மத்திய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25க்கான 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. இருமொழிக் கொள்கை 1968இலிருந்து இங்கே நிற்கிறது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா, விட்டுக்கொடுக்கக் கூடாது என்றால் அந்தப் பணத்துக்கு மாற்று என்ன? இந்தக் கேள்வியை எந்தக் கட்சி வேட்பாளரிடமும் கேட்கலாம். ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பாதி சங்கடமாக இருக்கும், அதனால்தான் கேட்க வேண்டும்.

ஆனால் உண்மையில் நம் வீட்டுப் பிள்ளையைத் தொடுவது உள்ளூர்க் கேள்விகள்தான். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போய் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரிடம் பேசுங்கள். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள், நிலவரம் நன்றாகத் தெரிந்தவர்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள். இதைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, நம்ம ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு ஃபிசிக்ஸ் வாத்தியார் ஜூன்ல இருந்தே இல்ல. பி.டி.ஏ.ல போட்டவங்களும் சம்பளம் வரலன்னு நின்னுட்டாங்க. நீங்க ஜெயிச்சா இதுக்கு முதல் மாசத்துல யாருக்கு லெட்டர் குடுப்பீங்க?" யாருக்கு என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் வெளியே வந்துவிடும். முதன்மைக் கல்வி அலுவலர் என்றோ பள்ளிக் கல்வி இயக்குநர் என்றோ சொன்னால் வேலை தெரிந்தவர். "பாத்துக்கலாம்மா" என்றால் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியார் பள்ளிக் கட்டணம் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கும் பள்ளி மீது புகார் கொடுத்தால் கூட வருவீர்களா என்று கேளுங்கள். வேட்பாளரே பள்ளி நடத்துகிறவரா என்பதையும் அந்தப் படிவம் 26இல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரியில்தான் பொய் வாக்குறுதி அதிகம் புழங்குகிறது. காரணம், எது யார் கையில் என்று நமக்கே குழப்பம். வருமான வரி மத்திய அரசுடையது, எம்எல்ஏவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜிஎஸ்டி விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு பலம், மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, நாலில் மூன்று பங்கு ஆதரவு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. தமிழ்நாட்டு நிதியமைச்சர் ஒருவரே நினைத்தாலும் முடியாத காரியத்தை ஒரு வேட்பாளர் முடித்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். மாநிலத்தின் கையில் இருப்பது பெட்ரோல், டீசல் மீதான வாட், மதுவின் மீதான வரிகள், பத்திரப் பதிவுக்கான முத்திரைத் தீர்வை, வாகன வரி, மின்சார வரி. சொத்து வரியை வசூலிப்பது உள்ளாட்சி என்றாலும் 2022இல் உயர்த்த முடிவு செய்தது மாநில அரசுதான். அதனால் "அது நகராட்சி விஷயம்" என்று தப்பிக்க விடாதீர்கள்.

குறைப்பேன் என்றால் எவ்வளவு, அந்தப் பள்ளத்தை எதை வைத்து மூடுவீர்கள்? இந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டால் பத்து ரூபாய் குறைப்பேன் என்கிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மின்கட்டணமும் அப்படித்தான்: கட்டணத்தை நிர்ணயிப்பது ஒழுங்குமுறை ஆணையம், அரசு செய்யக்கூடியது மானியம் கொடுப்பது. 2016இல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமானது அந்த வழியில்தான்.

மது விஷயத்தைத் தனியாகக் கேட்க வேண்டும், வரியும் சமூகப் பிரச்சினையும் ஒன்றாக முட்டிக்கொள்ளும் இடம் அது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் கால்வாசிக்கும் கூட. 2016இல் 500 கடை மூடினார்கள், 2017இல் 500, 2023இல் 500. வருமானம் பெரிதாகக் குறையவில்லை. எனவே மதுவிலக்கு வேண்டும் என்று பேசும் வேட்பாளரிடம் "எத்தனை கடை" என்று கேட்காதீர்கள். அந்தப் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டத்தை நிறுத்துவீர்கள், அல்லது எந்த வரியை உயர்த்துவீர்கள் என்று கேளுங்கள். தேர்தல் நடத்தை விதிகளிலேயே, வாக்குறுதிக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைத் தேர்தல் அறிக்கையில் பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்று இருக்கிறது. 2013இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சொன்னதற்கு அப்புறம் வந்த விதி அது. கேட்பது நம் உரிமை.

சமூகப் பிரச்சினைகளில் கேள்வியைவிட கேட்கும் இடம் முக்கியம். இதை அழுத்திச் சொல்கிறேன். காலனியில் நின்று "தீண்டாமையை ஒழிப்பேன்" என்று சொல்ல யாருக்கும் தைரியம் தேவையில்லை. அதே வேட்பாளர் ஊர்ப் பக்கம் வந்து, கோயில் வாசலில், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, சுடுகாட்டுப் பாதை பற்றியும் கோயில் நுழைவு பற்றியும் என்ன சொல்கிறார்? இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொருவர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கேள்வியை ஒரே வார்த்தையில் கேளுங்கள், இரண்டையும் போனில் பதிவு செய்யுங்கள். பதில் மாறினால் அந்த இரண்டு வீடியோவையும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்துப் போட்டால் போதும். சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள் கொலை செய்யப்படுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டுமா என்ற கேள்வியையும் இப்படித்தான் கேட்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் அவர்களுக்காகச் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது, நம் மாவட்டத்தில் அது வேலை செய்கிறதா என்று பேரவையில் கேள்வி எழுப்புவீர்களா என்று நேராகவே கேட்கலாம்.

இடஒதுக்கீடு பற்றி வாக்குறுதி வந்தால் ஒரே கேள்வி போதும்: தரவு எங்கே? வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்னால் நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை, போதுமான புதிய தரவு இல்லை என்பது முக்கியக் காரணம். நம்பிய பிள்ளைகள்தான் நடுவில் அல்லாடினார்கள். 2009இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீடு ஆய்வுக் குழு அறிக்கையோடு வந்தது, நின்றது. பீகார் 2023இல் தானே சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தி வெளியிட்டது, அதைப்போல மாநிலமே நடத்த வேண்டும் என்கிறீர்களா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வாங்குங்கள்.

பிரச்சார வண்டியில் கும்பிட்டுக்கொண்டே போகிறவரிடம் இதில் எதையும் கேட்க முடியாது, மேளச் சத்தத்தில் காதில் விழாது. வியாபாரிகள் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம் என்று சின்னக் கூட்டங்களுக்கு அவர் வருவார், அங்கேதான் உட்கார்ந்து பேசுவார். நாலைந்து பேர் சேர்ந்து போங்கள், ஆளுக்கு ஒரு கேள்வி, எழுதி வைத்து, இரண்டு வரிக்கு மேல் போகாமல். மரியாதையாகக் கேளுங்கள், கூட வரும் கட்சிக்காரர்கள் குறுக்கே பேசினால் "அண்ணனே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சுயேச்சைகளையும் சின்னக் கட்சி வேட்பாளர்களையும் விட்டுவிடாதீர்கள். பதிலைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ரிசல்ட் வந்து புதுப் பேரவை கூடியதும், பள்ளிக் கல்வித் துறை மானியக் கோரிக்கை எந்தத் தேதியில் வருகிறது என்று பாருங்கள், செய்தித்தாளில் அட்டவணை வரும். அதற்கு இரண்டு வாரம் முன்னால், அவர் சொன்ன பதிலையும் உங்கள் பள்ளியின் ஆசிரியர் காலியிட விவரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி எம்எல்ஏ அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு நகலை இரண்டாவதாக வந்த வேட்பாளர் வீட்டில் கொடுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு அவருடைய ஆட்களும் இதே தெருவுக்குத்தான் வர வேண்டும்.