பஸ், எம்ஆர்டி, எல்ஆர்டி: சிங்கப்பூரில் மூன்றையும் ஒரே பயணமாக்குவது எப்படி

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் வண்டி மாறத் தயங்குவார்கள். ஏறும்போதெல்லாம் புதிதாகக் காசு பிடிப்பார்களோ என்ற பயம். 2010 ஜூலை 3-இலிருந்து அந்தப் பயத்துக்கு வேலையில்லை. பஸ்ஸோ, எம்ஆர்டி என்னும் பெருநகர ரயிலோ, எல்ஆர்டி என்னும் சிறு ரயிலோ, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் போனீர்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தத் தூரங்களை ஒரே சங்கிலியாகக் கோர்ப்பதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது புதுப் பயணம்.

அறுந்தால் என்ன நஷ்டம்? 3.2 கி.மீ வரை குறைந்தபட்சக் கட்டணம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு படி ஏறும், 40.2 கி.மீ தாண்டினால் ஏறாது. 2 கி.மீ பஸ், 10 கி.மீ ரயில், மறுபடி 1 கி.மீ பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி நின்றால் 13 கி.மீ-க்கு ஒரு கட்டணம். அறுந்தால் அந்த 2 கி.மீ-க்கு ஒரு குறைந்தபட்சம், 1 கி.மீ-க்கு இன்னொன்று, நடுவில் ரயிலுக்குத் தனி.

படி 1: ஒரே அட்டை, கடைசி வரை

முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் பயண அட்டை, விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டை, கைப்பேசி எதுவானாலும் சரி. ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கட்டணக் கருவியில் காட்டுவதுதான் தட்டுவது. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்: பஸ்ஸில் வங்கி அட்டையைத் தட்டிவிட்டு, ரயிலில் அதே அட்டை ஏற்றிய கைப்பேசியைத் தட்டுவார்கள். பணம் ஒரே கணக்கிலிருந்து போனாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு எண்கள், இரண்டு வேறு ஆட்கள். பணப்பையை அப்படியே வைத்தால் உள்ளே இருக்கும் வேறு அட்டையைக்கூட அது படித்துவிடும். அட்டையை வெளியே எடுத்துத் தட்டுங்கள்.

வெளிநாட்டு வங்கி அட்டைக்குப் பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் காசு கூடுதல் கட்டணம் உண்டு. சில நாளுக்கு மேல் தங்குபவர்கள் ஈஸி-லிங்க் வாங்கிக்கொள்வதே மேல். இந்திய அட்டை என்றால், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் (கான்டாக்ட்லெஸ்) வசதியையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். ஒருவழி ரயில் டிக்கெட்டை நம்பி வராதீர்கள்; 2022 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள்.

படி 2: பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டுங்கள்

ரயிலில் மறக்க முடியாது, நிலையத்தின் வாயில் திறக்காது. பஸ்ஸில் கதவு திறந்தே இருக்கும், அதுதான் வம்பு. தட்டாமல் இறங்கினால், அந்த வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கட்டணம் பிடிக்கும். அதற்காக முந்தைய நிறுத்தத்திலேயே தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதும் தப்பு. பஸ் உங்கள் நிறுத்தத்துக்கு வந்தபின் தட்டுங்கள்.

படி 3: கடிகாரம்

ஒரு வண்டியை விட்டு இறங்கித் தட்டியதிலிருந்து அடுத்த வண்டியில் ஏறித் தட்டுவதற்கு 45 நிமிடம். ஒரு ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து இன்னொரு ரயில் நிலையத்துக்குள் நுழைய 15 நிமிடம்தான். மொத்தம் ஐந்து முறை வரை மாறலாம். எல்லாம் 2 மணி நேரத்துக்குள். நடுவில் ஒரு டீ குடிக்க 45 நிமிடம் தாராளம்.

நேரம் மிச்சமிருந்தும் அறுபடும் இடங்கள் இரண்டு. இறங்கிய அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் புதுப் பயணம். வெளியேறிய அதே ரயில் நிலையத்துக்குள் திரும்ப நுழைந்தாலும் புதுப் பயணம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது அடுத்த படியில்.

படி 4: வெளியே வந்து மாறும் நிலையங்கள்

பெரும்பாலான சந்திப்புகளில் தட்டாமலே மாறலாம். லிட்டில் இந்தியாவில் வடகிழக்குத் தடத்திலிருந்து டவுன்டவுன் தடத்துக்கு உள்ளேயே நடந்து போகலாம். செங்காங், பொங்கோலில் எல்ஆர்டிக்கும் அப்படித்தான்.

நியூட்டன் வேறு மாதிரி. லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் அடுத்த நிலையமே அது. வடக்கு-தெற்குத் தடத்துக்கு மாற, வாயிலில் தட்டி வெளியே வந்து, நடந்து, அடுத்த வாயிலில் தட்டி உள்ளே போக வேண்டும். பயணம் முடிந்துவிட்டதோ என்று பலர் பதறுவார்கள், முடியவில்லை. வடக்கு-தெற்குத் தடத்து நிலையம் 1987-இல் திறந்தது, டவுன்டவுன் தடத்தின் நிலையம் 2015-இல். இரண்டுக்கும் பொதுவான உள்வளாகம் அமையவில்லை, அதனால் சுவரை உடைக்காமல் கட்டண விதியைத் தளர்த்தினார்கள்: 15 நிமிடத்துக்குள் நுழைந்தால் ஒரே பயணம். தெம்பனிஸிலும் கிழக்கு-மேற்குத் தடத்துக்கும் டவுன்டவுன் தடத்துக்கும் நடுவே இதே நடைதான். புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டிக்கு மாறுவதும் இப்படித்தான்.

2018 டிசம்பர் இறுதியிலிருந்து வேறு பெயருள்ள நிலையங்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. ராஃபிள்ஸ் பிளேஸில் வெளியேறி, நடந்துபோய் டவுன்டவுன் நிலையத்தில் நுழையலாம். வழியில் கடைக்குள் தலையை நீட்டாமல் இருந்தால் சரி.

படி 5: சரிபாருங்கள்

பழைய வகை ஈஸி-லிங்க்கில் வாயிலிலேயே கட்டணமும் இருப்பும் தெரியும். வங்கி அட்டைக்கும், இருப்பு அட்டையில் இல்லாமல் மையக் கணினியில் இருக்கும் புதிய சிம்ப்ளிகோ வகை ஈஸி-லிங்க்குக்கும் தெரியாது. சிம்ப்ளிகோ செயலியில்தான் பார்க்க வேண்டும். இந்தக் குறையால் எழுந்த எதிர்ப்பில்தான் 2024 ஜனவரியில் பழைய வகையை நிறுத்தும் திட்டத்தையே அரசு கைவிட்டது.

செயலியில் அட்டையைச் சேர்த்து அன்றைய பட்டியலைத் திறங்கள். பஸ்ஸும் ரயிலும் ஒரே பயணத்தின் கீழ் அடுக்கி இருந்தால் சங்கிலி நின்றிருக்கிறது. தனித்தனியாக இருந்தால் நேர இடைவெளியைப் பாருங்கள், பிறகு அட்டை எண்ணை. இரண்டும் சரியாக இருந்தும் பிரிந்திருந்தால் சிம்ப்ளிகோவிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.