புளித்தாலும் திரியாத பால்மம்: கேசினில் டெக்ஸ்ட்ரான் கிளைகளை ஒட்டுவது எப்படி?

பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிகிறது அல்லவா? பிஹெச் 4.6 அருகே கேசின் புரதம் மின்சுமை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. நீரில் கரையும் கேசின் உப்பான சோடியம் கேசினேட்டால் செய்த எண்ணெய்ப் பால்மத்துக்கும் (நீரில் எண்ணெய்த் துளிகள் பரவி நிற்கும் எமல்ஷன்) இதே கதிதான். அந்தக் கேசினின் மேல் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டினால் அது கிராஃப்ட் கோபாலிமர், அதாவது ஒரு பாலிமரின் மேல் இன்னொன்று கிளையாக ஒட்டிய மூலக்கூறு. கேசின் எண்ணெய்த் துளியைப் பல இடங்களில் பற்றிக்கொள்ளும். டெக்ஸ்ட்ரான் கிளைகள் நீருக்குள் நீண்டு, பக்கத்துத் துளியை அண்டவிடாது. இதற்கு மின்சுமை தேவையில்லை. அதனால்தான் புளிப்பைத் தாங்குகிறது.

முதலில் ஒட்டும் வேலை. கேசினேட்டையும், மூலக்கூறு எடை 40,000 உள்ள டெக்ஸ்ட்ரானையும் சம எடையில் நீரில் கரைத்து, பிஹெச் 7க்குக் கொண்டுவந்து, உறைய வைத்து உலர்த்துங்கள். கிடைக்கும் பொடியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, மூடிய டெசிக்கேட்டரில் (உள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கலன்) 60 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வையுங்கள்.

டெசிக்கேட்டரின் அடியில் பொட்டாசியம் புரோமைடின் தெவிட்டிய கரைசல் இருக்கட்டும். கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது உள்ளே ஈரப்பதத்தை ஏறத்தாழ 79 சதவீதத்தில் நிறுத்தும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். காய்ந்துபோனால் வினை நகராது. ஈரம் மிஞ்சினால் பொடி கட்டிதட்டும்.

நடப்பது, லூயி காமில் மெய்லார்ட் 1912இல் விவரித்த வினை. தோசை சிவப்பதும் இதனால்தான். புரதத்தில் உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தோடு டெக்ஸ்ட்ரானின் ஒரு முனை மட்டுமே பிணையும். மறுமுனை விட்டேற்றியாக நிற்பதால் வலை பின்னாமல் கிளை கிடைக்கிறது. எனக்கு இதில் மிகப் பிடித்த நுட்பம் இதுவே. இளமஞ்சள் நிறம் போதும். பழுப்பாகிவிட்டால் வினை எல்லை மீறிவிட்டது.

அடுத்து பால்மம். ஒட்டிய பொடியின் 1 சதவீதக் கரைசல் 90 கிராம். பீட்டா கரோட்டின் (கேரட்டின் நிறமி) கரைத்த எம்சிடி எண்ணெய் (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) 10 கிராம். ஹோமோஜினைசர் என்னும் அதிவேகக் கலக்கியில் இரண்டு நிமிடம் அடித்துவிட்டு, பனிக்கட்டித் தொட்டியில் வைத்து மீயொலிக் கருவியால் விட்டுவிட்டு அதிரச் செய்யுங்கள். துளிகள் சில நூறு நானோமீட்டருக்கு இறங்கினால், எண்ணெய் உள்ளே, பாலிமர் உறை வெளியே: நானோ கேப்சூல். துளிகள் கொத்தாகச் சேர்ந்தால் அதிர்வை நீட்டாதீர்கள். பாலிமர் போதாமல் ஒரே மூலக்கூறு இரு துளிகளைப் பிடித்திருக்கலாம். ஒட்டிய பொடியின் அளவைக் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாகச் சோதனை. சூடாக்காத கேசினேட்-டெக்ஸ்ட்ரான் கலவையிலும் ஒரு பால்மம் செய்யுங்கள். இரண்டிலும் நீர்த்த சிட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச் 4.6க்கு இறக்குங்கள். சூடாக்காதது திரியும், நன்றாக ஒட்டியது பால் போலவே நிற்கும். அதுவும் திரிந்தால், மீதிப் பொடியை இன்னும் 12 மணி நேரம் டெசிக்கேட்டரில் வையுங்கள்.