மென்பொருள் தரத்துக்கான பணம்: பங்கு போடும்போது நடக்கும் தவறுகள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு எடைமேடை மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். தரத்துக்கென்று ஒதுக்கியது 5 லட்சம். வேகம், பாதுகாப்பு, நிற்காத ஓட்டம், எளிய திரை, பின்னால் திருத்தும் வசதி என ஐந்தும் வேண்டும். தலைக்கு ஒரு லட்சம் என்று பிரிப்பதுதான் முதல் தவறு. எது கெட்டால், எந்த மாதத்தில், எவ்வளவு நஷ்டம் என்று எழுதிவிட்டுப் பிரியுங்கள்.

மாதம் முக்கியம். 99.9 சதவீதம் ஓடும் என்று ஒப்பந்தம் போட்டால், ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். டிசம்பரில் நின்றால் பெரிய பாதிப்பில்லை. ஜூனில் ஒரே ராத்திரியில் அத்தனையும் போனால், பெங்களூரா மாம்பழம் ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டும், அடியில் கிடக்கும் பழம் நசுங்கும். ஒப்பந்தப்படி அதில் குற்றமே இல்லை! அதனால் "சீசனில் எடை ஒரு தடவைக்கு 10 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது" என்று தனியாக எழுதுங்கள்.

உடனே இரண்டாவது சர்வர் வாங்க ஓடாதீர்கள். நெட்டோ கரண்டோ போனால் அது உதவாது. யுபிஎஸ் போட்டு, எடைமேடைக் கம்ப்யூட்டரிலேயே எடைச் சீட்டைச் சேமித்து, நெட் வந்ததும் அனுப்பும் வேலைக்குப் பெரும்பங்கைக் கொடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சீட்டு எண்ணை சர்வர்தான் தரும் என்றால் நெட் இல்லாதபோது எண் கிடைக்காது. ஆலையில் இரண்டு எடைமேடைகள் இருந்து, இரண்டும் தாமாகவே 1, 2, 3 என்று போட்டால் எண்கள் மோதும். அதனால் எண்ணோடு மேடைக் குறியீடும் சேரட்டும். ஒரே சீட்டு இருமுறை வந்தால் சர்வர் இரண்டாவதை ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் விவசாயி கணக்கில் இரட்டைத் தொகை ஏறும். சோதிக்க, லோடு எடை போட்டபின், காலி வண்டி எடைக்கு முன் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டரையே அணையுங்கள். இதற்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

"வேகமா இருக்கணும்" என்பதை வைத்துப் பணம் பிரிக்க முடியாது. நூற்றில் 95 சீட்டு 2 வினாடிக்குள் என்று சொல்லுங்கள். சராசரியில் மெதுவான சீட்டுகள் மறைந்துவிடும்.

பாதுகாப்பை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். எடையை யார் திருத்தினார் என்ற பதிவை முதல் நாளே வையுங்கள். பிறகு சேர்த்தால் பழைய திருத்தங்கள் கிடைக்காது. அதற்காகச் சீட்டுக்குச் சீட்டு பாஸ்வேர்டு கேட்டால் அது மானிட்டரில் ஒட்டப்பட்டுவிடும். ஷிப்டுக்கு ஒருமுறை போதும், எடையைத் திருத்த மட்டும் மேலாளர் அனுமதி.

ஐந்து லட்சத்தையும் மே மாதத்துக்குள் தீர்த்துவிடாதீர்கள். 75 ஆயிரமாவது முதல் சீசனில் வரும் திருத்தங்களுக்கு இருக்கட்டும். ஏப்ரலிலேயே பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, பழைய சீட்டு ஒன்றை அச்சடித்துப் பாருங்கள்.