வீட்டுக்கு கேம் கன்சோல் வாங்கும்போது எங்கே தவறு நடக்கிறது

போன ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போனபோது டிவி பக்கத்தில் புது பிஎஸ்5, சோனியின் கேம் கன்சோல். மருமகன் கையில் பழைய பிஎஸ்4-இன் ஃபிஃபா சிடி. பெட்டியை முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, சிடிய எங்க போடணும்?" என்றான். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "டிஜிட்டல் எடிஷன், பத்தாயிரம் கம்மி மச்சான்" என்றார். 2021-இல் நானும் இதையேதான் என் மனைவியிடம் சொன்னேன்.

பட்ஜெட், டிவி அளவு எல்லாம் யாரும் விசாரிக்காமல் வாங்குவதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

சிடி போட இடமில்லாத பெட்டி

பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது சிடி போடும் மாடல் 49,990 ரூபாய், சிடி போட இடமில்லாமல் கேமை டவுன்லோடு மட்டுமே செய்ய முடிகிற டிஜிட்டல் எடிஷன் 39,990. கேம் ஓடுவதில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. அப்புறம் எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது புது கேம் ஒன்று 4,999. என் பையன் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டான். டவுன்லோடு செய்த கேமை விற்க முடியாது, மாற்ற முடியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரவல் தரவும் முடியாது. அதே கேமை சிடியில் வாங்கிய நண்பர், சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 3,000-க்குக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு வேறு சிடியோடு வந்தார். கேமுக்கு மூவாயிரம் நஷ்டம் என்று வைத்தால், நாலாவது கேமிலேயே நான் மிச்சம் பிடித்த பத்தாயிரம் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கணக்கு மனதை உறுத்துகிறது.

ஆன்லைனில் தள்ளுபடி வரும், உண்மைதான். ஆனால் வகுப்பே விளையாடும் கேமுக்காக ஆறு மாதம் காத்திருக்க பத்து வயதுப் பிள்ளையால் முடியாது.

ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம் மட்டும் போதும் என்ற வீட்டுக்கு டிஜிட்டல் சரி. மற்றவர்கள் சிடி மாடலையே வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பிஎஸ்5-இல் பின்னால் வந்த ஸ்லிம் மாடல் என்றால் தனியாக விற்கும் சிடி டிரைவை மாட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வாங்கியிருப்பது ஸ்லிம்தான். என்னிடம் இருக்கும் முதல் டிஜிட்டல் மாடலிலோ மைக்ரோசாஃப்ட் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸிலோ அதற்கு வழியே இல்லை.

ஒரே ஒரு கன்ட்ரோலர்

கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளில் ஒன்றுதான் வரும். இன்னொன்று ஐயாயிரத்துக்கு மேல். முதல் நாளே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 'இட் டேக்ஸ் டூ' போன்ற கேமை இரண்டு பேர் இல்லாமல் தொடங்கவே முடியாது.

அட்டையில் 'மல்டிபிளேயர்' என்று இருந்தால் ஒரே சோபாவில் உட்கார்ந்து இருவர் ஆடலாம் என்று நம்பிவிடாதீர்கள். பல கேம்களில் அது ஆன்லைன் ஆட்டம் மட்டுமே. காசு கொடுத்து வாங்கும் கேமானாலும் பெரும்பாலும் அதற்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும்.

ஸ்விட்ச் லைட்

நின்டெண்டோவின் கையடக்க கன்சோலான இதை டிவியில் மாட்ட முடியாது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு வேண்டாம். சாதாரண ஸ்விட்ச்சில் கூடவே வரும் ஜாய்-கான் என்ற இரண்டு சின்ன கன்ட்ரோலரையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு மரியோ கார்ட் என்ற பந்தய கேமை ஓட்டலாம். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, அதனால் வாரன்டியைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அட்டையில் இருக்கும் 18

அது வயது. கேம் எவ்வளவு கடினம் என்பதல்ல.