கீழ விழுந்து அடிபட்ட தோள் மாசக்கணக்கா சரியாகலயா? நான் பண்ணதச் சொல்றேன்

மழைல ஸ்கூட்டி சறுக்கி இடது கைய ஊனி விழுந்தேன். எக்ஸ்ரேல எலும்பு முறிவு இல்லன்னாங்க, நானும் வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டு, அசைச்சா வலிக்குதேன்னு கைய வயித்தோட அணைச்சே வச்சு 2 மாசத்த ஓட்டிட்டேன். தப்பு அங்கதான். 3வது மாசம் கொண்டை போட முடியல, கொடில துணி போட முடியல, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டா உயிர் போயிடும். எனக்கு சுகர் வேற இருக்கு. சுகர், தைராய்டு இருக்கவங்களுக்கும் 40லேருந்து 60 வயசுக்குள்ள இருக்க பொம்பளைங்களுக்கும் இப்படி தோள் இறுகிப்போறது அதிகமா வரும்.

மொதல்ல உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுக்கணும். மல்லாக்கப் படுத்து கைய தளர்த்தி விட்டுட்டு வீட்ல யாரையாவது மெதுவா தூக்கச் சொல்லுங்க. நீங்களா தூக்கினா வரல, அவங்க தூக்கினா மேல போகுதுன்னா தசைநார் கிழிஞ்சிருக்கலாம், அதுக்கு ஸ்கேன் பாக்கணும். அவங்க தூக்கினாலும் ஒரு எடத்துல முட்டுக்கட்ட போட்ட மாதிரி நின்னுடுச்சுன்னா மூட்டச் சுத்தி இருக்க உறை இறுகியிருக்கலாம், அதத்தான் ஃப்ரோசன் ஷோல்டர்ங்கறாங்க. முழங்கைய விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு முன்கைய மட்டும் வெளிப்பக்கமா திருப்பிப் பாருங்க, இறுகின தோள்ல அந்த அசைவுதான் ரொம்ப அடிவாங்கும். இது வீட்ல பாக்குற அடையாளம் மட்டும்தான், முடிவ எலும்பு டாக்டர்தான் சொல்லணும். விழுந்த உடனே கையவே தூக்க முடியலன்னா ஒரு வாரம் பாப்போம்னு இருக்காதீங்க.

இறுக்கம்தான்னு டாக்டர் சொல்லிட்டா கைய மறுபடி ஆட வைக்கணும், ஆனா அடாவடியா இல்ல. வெந்நீர் பை 10 நிமிஷம் வச்சுட்டு ஆரம்பிங்க. நல்ல கைய மேசைல ஊனி குனிஞ்சு நின்னு வலிக்கிற கைய சும்மா தொங்க விடுங்க, உடம்ப லேசா ஆட்டினா கை தானா ஊசலாடும், கைய நீங்க ஆட்டக்கூடாது. அப்பறம் படுத்துக்கிட்டு குடைய ரெண்டு கையாலயும் புடிச்சு, முழங்கைய விலாவ விட்டு எடுக்காம, நல்ல கையால தள்ளி வலிக்கிற கைய வெளிப்பக்கமா திருப்புங்க. நெறைய பேர் கைய மேல தூக்குறதுலயே குறியா இருந்து இத விட்டுடறாங்க, என்னக் கேட்டா இதத்தான் ஒரு நாள்கூட விடக்கூடாது.

அடுத்தது செவுத்துல விரலால நடந்து ஏறுறது. எட்டின எடத்துல பென்சில் கோடு போட்டு தேதி எழுதுங்க. தெனமும் பாத்தா ஒண்ணுமே மாறாத மாதிரி இருக்கும், மனசு விட்டுப்போயிடும், மாசம் ஒருதடவ பாத்தா ரெண்டு வெரக்கட ஏறியிருக்கும். ஏறணும்னு தோள காதுகிட்ட தூக்கி ஏமாத்தக்கூடாது, வீட்ல ஒருத்தர பின்னாடி நின்னு பாக்கச் சொல்லுங்க. முதுகுக்குப் பின்னாடி துண்டப் புடிச்சு இழுக்குறது கடைசில, ராத்திரி வலி அடங்கினப்பறம்தான்.

எவ்ளோ வலி வரைக்கும் செய்யலாம்னா, செஞ்சு முடிச்சு கொஞ்ச நேரத்துல வலி அடங்கணும். மறுநாள் காலைலயும் அதே வலி நின்னா நேத்து அதிகமா பண்ணிட்டீங்க, இன்னிக்கு பாதி போதும். 5 நிமிஷமா ஒரு நாளைக்கு 3, 4 தடவ பண்றது ஒரேடியா அரைமணி நேரம் போராடுறத விட நல்லது. எண்ணெய் போட்டு நீவுனா இதமா இருக்கும், ஆனா சுளுக்கு எடுக்குறேன்னு வெடுக்குன்னு இழுக்க விடாதீங்க.

தூங்குறப்ப முழங்கைக்கு அடில தலகாணி வச்சா கை பின்னாடி சரியாது, எனக்கு தூக்கம் வந்ததே அதுக்கப்பறம்தான். வலி ரொம்ப இருந்தா மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, சுகர் இருக்கவங்க முன்னாடியே சொல்லிடுங்க, போட்டப்பறம் சில நாளைக்கு சுகர் ஏறும். இந்த இறுக்கம் முழுசா விட்டுப்போக 1 வருஷத்துலேருந்து 3 வருஷம் வரைக்கும்கூட ஆகலாம், அத மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டா 2 மாசத்துல பயிற்சிய விட்டுட மாட்டீங்க.

இடது தோள் வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சுத்திணறல் வந்தா அது வேற, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இன்னொண்ணு, ஒரு பக்கம் வந்தவங்களுக்கு பின்னால அடுத்த பக்கமும் இறுகலாம், அதனால அந்த வெளிப்பக்கம் திருப்புற சோதனைய அப்பப்ப நல்ல கைக்கும் பண்ணிப் பாத்துக்கோங்க.