மாறுகண்ணன் மகன் எர்லிங்கின் கதையை ஒரு மணி நேரத்தில் சொல்லும் முறை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை வாசகர் வட்டம் கூடும். முப்பத்தோரு வருஷம் வரலாற்று டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், பேச ஆள் கிடைக்காத மாதமெல்லாம் என் தலையில்தான் விழும். அப்படி ஒரு மாதத்தில்தான் எர்லிங் ஷால்க்சன் என்ற நார்வேக்காரப் பிரபுவைக் குடமுருட்டிக் கரைக்குக் கூட்டி வந்தேன். இதுவரை நான்கு ஊர்களில் சொல்லியாயிற்று. முதல் ஊரில் சொதப்பல். நான்காம் ஊரில் நூலகத்தைப் பூட்ட வந்தவரும் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கதையைத் தங்கள் ஊரில் சொல்ல நினைப்பவர்களுக்கு, நடுவில் நான் கற்றுக்கொண்டது உதவும்.

எர்லிங் எனக்கு எப்படிக் கிடைத்தார் என்றால், என் பையன் நார்வேயில், ஸ்டாவங்கர் நகரத்தில் எண்ணெய் வேலையில் இருக்கிறான். மூன்று மாதம் போய் இருந்தேன். விமானம் இறங்கிய இடம்தான் எர்லிங்கின் சொந்த ஊர். எழுத்தில் சோலா, அவர்கள் வாயில் சூலா. சோழனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சம்பந்தம் பேசுவார். சிரித்துக்கொண்டே உடனே மறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அது வரலாறாகிவிடும்.

முதல் வேலை, காலத்துக்கு முளைக்குச்சி அடிப்பது. கி.பி. 1000 என்று சும்மா சொன்னால் யார் மனசிலும் ஒன்றும் தோன்றாது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. பெரிய கோயில் விமானத்தில் கலசம் ஏறியது 1010. ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பியது 1025. இந்த மூன்றையும் போர்டில் எழுதிவிட்டுப் பக்கத்தில் எர்லிங்கை எழுதுங்கள்: 990களின் பின்பாதியில் கல்யாணம், 1016இல் நெஸ்யார் கடற்சண்டை, 1028 டிசம்பர் 21இல் சாவு. நம் பெரிய கோயிலுக்குக் கல் சுமந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே ஒருவன் பார்லி விதைத்துக்கொண்டிருந்தான் என்றால் போதும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்தது பெயர்கள். நான் சறுக்கியது இங்கேதான். ஷால்க் என்பது எர்லிங்குடைய அப்பாவின் பட்டப்பெயர். மாறுகண் என்று அர்த்தம். அதைத் தமிழிலேயே சொல்லிவிடலாம், நம் ஊரில் பட்டப்பெயர் இல்லாத வீடு எது? அந்தத் தைரியத்தில் எல்லாப் பட்டப்பெயர்களையும் மொழிபெயர்த்தேன். கதையில் இரண்டு தூரே வருகிறார்கள். ஒருவன் தூரே ஹுண்ட், அதாவது நாய். இன்னொருவன் தூரே சேல், சேல் என்றால் கடல்நாய். ஆக, நாய்த் தூரே, கடல்நாய்த் தூரே! யாரை யார் வெட்டினார் என்று யாருக்கும் புரியவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் குரைத்தே காட்டினான். இப்போது ஒருவனை மட்டும் நாய்த் தூரே என்கிறேன். மற்றவனை அரசனின் காரியஸ்தன் என்றால் போதும், பெயரே தேவையில்லை.

உறவுமுறைக்கு வந்தால் நாம் கொடுத்து வைத்தவர்கள். எர்லிங் கட்டியது அரசன் ஓலாவ் திரிக்வசனின் சகோதரி ஆஸ்த்ரிதை. ஆக, அரசன் மச்சான். கதையின் நடுவில் வரும் ஆஸ்பியோர்ன், எர்லிங்கின் சகோதரி சிக்ரிதின் மகன். தாய்மாமன், மருமகன் என்று ஒரு வார்த்தை போட்டால் கூட்டத்துக்கு எல்லாம் விளங்கிவிடும். தங்கச்சி மகன் வாசலில் வந்து நின்றால் தாய்மாமன் என்ன செய்வான் என்று நம் ஆட்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

கல்யாணத்தின்போது மச்சான் தர வந்த பட்டத்தை எர்லிங் வாங்க மறுத்ததை இரண்டே நிமிடத்தில் சொல்லுங்கள். அரசன் கொடுக்க வந்தது யார்ல் என்ற பட்டம். நம் கல்வெட்டுகளில் அரசன் மூவேந்தவேளான் என்று பட்டம் கொடுப்பானே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், எடை இன்னும் கூட. எர்லிங் சொன்ன பதில்: “என் முன்னோர் ஹெர்சிர் (ஊர்த்தலைவர் மாதிரி) என்ற பெயரோடுதான் இருந்தார்கள். அதற்கு மேல் எனக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பெயர் உள்ளவர்களில் இந்த நாட்டிலேயே நான்தான் பெரியவன் என்று ஆக்குங்கள்.” பணிவு மாதிரி இருக்கும், பணிவு இல்லை. சோக்ன ஃபியோர்டு என்ற கடற்கழியிலிருந்து லிண்டஸ்நெஸ் முனை வரை கடற்கரை கைக்கு வந்தது. கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து கோடிக்கரை வரை என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் என்று சொல்வேன்.

கப்பலை விவரிக்காதீர்கள், உட்கார வைத்துக் காட்டுங்கள். எர்லிங்கின் பெரிய கப்பலில் துடுப்பு வலிக்க 32 வரிசை. வரிசைக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். எங்கள் நூலகத்தில் நாற்காலி மொத்தம் பதினான்கு. ஏழு வரிசையாகப் போட்டு, பின்சுவரைக் காட்டி, “இன்னும் இருபத்தைந்து வரிசை அந்தச் சுவருக்கு அப்பால், தெருவில்” என்றேன். அந்தக் கப்பலில் 240 பேர் ஏறுவார்களாம். சாதாரண நாளிலேயே அவர் வீட்டில் 90 வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றதும் பின்னால் இருந்த அம்மா ஒருவர், “சமைச்சவ யாரு?” என்றார். நல்ல கேள்வி. அங்கிருந்துதான் கதையின் உள்ளே போக வேண்டும்.

ஏனென்றால் இந்தக் கதையை வாளில் தொடங்கினால் வழக்கமான ராஜா கதையாகிவிடும். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். எர்லிங்கின் வீட்டில் இருந்த 30 அடிமைகளிடம் தொடங்குங்கள். ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்தூர்லுசன் 1230 வாக்கில் எழுதிய அரசர் வரலாற்றில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. எர்லிங் ஒவ்வொருவனுக்கும் ஒரு நாள் வேலை இவ்வளவு என்று அளந்துவிடுவார். அது முடிந்தால், அந்தியிலும் இரவிலும் அவனவன் தனக்காக உழைத்துக்கொள்ளலாம். விதைக்க நிலமும் கொடுத்தார். விளைந்தது அவனுக்கு. ஒவ்வொரு தலைக்கும் ஒரு விலை குறித்திருந்தார். அந்த விலையைச் சேர்த்துக் கட்டினால் விடுதலை. சிலர் முதல் வருஷமே கட்டினார்கள், சிலர் இரண்டாம் வருஷம். கொஞ்சமாவது துப்புள்ளவன் மூன்றாம் வருஷத்துக்குள் கட்டிவிட்டான். போனவர்களையும் கைவிடவில்லை. சிலரை ஹெர்ரிங் மீன்பிடிப்பில் இறக்கினார் (நம் மத்திக்குச் சொந்தக்கார மீன்), சிலர் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அந்தி மங்கிய பிறகு, பகலெல்லாம் அடுத்தவன் வயலில் குனிந்த முதுகோடு, தன் துண்டு நிலத்தில் ஒருவன் விதைக்கிற காட்சியைக் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டுங்கள். கூட்டத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மரக்காலில் அளந்த கூலி, களத்தைக் கூட்டினால் கிடைக்கிற நெல், 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் தானாக வெளியே வரும். குறுக்கே பேசாமல் இருப்பது டீச்சர்களுக்குக் கஷ்டம்தான், பழகிக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தியில் இன்னொரு வரி உண்டு. முதல் ஊரில் அதை நான் முழுங்கிவிட்டேன், ஆள் நல்லவராகத் தெரியட்டும் என்று. விடுதலைக்குக் கட்டிய காசில் எர்லிங் புது அடிமைகளை வாங்கினார். இரண்டாவது ஊரில் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டி வாசல்படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏம்மா டீச்சர், உட்டுட்டுப் போனவன் சரி. அந்தக் காசுல வாங்கியாந்தானே, அவன் எவன் வூட்டுப் புள்ள?” நான் பதில் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது தானியக் கதை. ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். நாட்டின் வடக்கே விளைச்சல் சரியில்லை. ஆஸ்பியோர்ன் வடகோடி ஆள். அவன் அப்பா வருஷத்துக்கு மூன்று விருந்து வைத்தவர். அப்பா போன பிறகும் மகன் அதை விடமாட்டேன் என்கிறான், வீட்டில் தானியம் இல்லை. அப்போது அரசன் இன்னொரு ஓலாவ், ஓலாவ் ஹரால்ட்சன். தெற்கிலிருந்து வடக்கே தானியமோ மால்ட்டோ (முளைகட்டிக் காயவைத்த தானியம்) மாவோ போகக் கூடாது என்று தடை போட்டிருக்கிறான். தஞ்சாவூர் ஜில்லாவை விட்டு நெல் வெளியே போகத் தடை இருந்த காலத்தை இங்கே ஒரு வார்த்தை சொன்னால் போதும். செக்போஸ்ட், ரயிலில் மடியில் கட்டிய அரிசி என்று கூட்டம் ஐந்து நிமிடம் நம்மை மறந்துவிடும். விட்டுப் பிடியுங்கள்.

ஆஸ்பியோர்ன் இருபது பேரோடு கப்பலில் தெற்கே வருகிறான். கார்ம்எய் தீவில் அவால்ட்ஸ்நெஸ் என்ற இடத்தில் அரசனின் பண்ணை. அங்கே காரியஸ்தன் தடையைச் சொல்லித் திரும்பிப் போ என்கிறான். இவன் நேராகத் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறான். அரசன் வார்த்தையை வெளிப்படையாக மீற முடியாத எர்லிங் ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: என்னிடம் வாங்காதே, என் அடிமைகளிடம் வாங்கிக்கொள். அவர்கள்தான் நாட்டுச் சட்டத்துக்குள்ளேயே வராதவர்களாயிற்றே, தடை அவர்களை எப்படிக் கட்டும்?

சொல்லி முடித்துச் சும்மா நில்லுங்கள். மூன்று ஊர்களில், நான் வாயைத் திறக்கும் முன்பே யாரோ ஒருவர் “பினாமி” என்றார். 1961 நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் பண்ணையாள் பேரில் எழுதி வைத்த நிலங்களின் கதை எல்லாருக்கும் தெரியும். ராத்திரி விதைத்து அவர்கள் சேர்த்த தானியம்தான் விருந்துக்குப் போனது. சட்டத்துக்கு வெளியே இருப்பது எவ்வளவு பெரிய கொடுமையோ, அதுவே எஜமானுக்கு எவ்வளவு வசதி என்பதும் ஒரே வரியில் தெரிகிற இடம் இது.

மீதியை வேகமாக ஓட்டலாம். திரும்பும் வழியில் காரியஸ்தன் சரக்கை இறக்கிக்கொண்டு, ஆஸ்பியோர்னுடைய கப்பலின் அழகான பாயையும் அவிழ்த்துவிட்டு ஒரு பழம்பாயைக் கட்டி அனுப்புகிறான். கடற்கரைப் பக்கம் சொல்வதானால் பாயைக் கொஞ்சம் நீட்டுங்கள், அவமானம் என்னவென்று அவர்களுக்குப் புரியும். அடுத்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில் அதே அவால்ட்ஸ்நெஸ். அரசன் விருந்தில் இருக்கிறான். காரியஸ்தன் மேஜை முன்னால் நின்று, சரக்கை எடுத்தபோது ஆஸ்பியோர்ன் தாங்கிக்கொண்டான், பாயை எடுத்தபோது அழுதான் என்று கதை சொல்கிறான். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் ஆஸ்பியோர்ன். ஒரே வெட்டு. தலை அரசன் முன்னால் மேஜையில், உடம்பு அரசன் காலடியில். பிறகு மருமகனைக் காப்பாற்ற எர்லிங் ஏறக்குறைய 1500 பேரோடு வந்து, அரசன் தேவாலயத்துக்குப் போகிற வழியில் நின்றார். பிஷப் ஒருவர் நடுவில் வந்து சமாதானம் பேசினார். குழந்தைகள் இருந்தால் தலையை மேஜையில் போட வேண்டாம். நான் போட்டேன், ஒரு அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

எதை நிச்சயமாகச் சொல்வது, எதை “சொல்கிறார்கள்” என்று சொல்வது என்பதில் கறாராக இருங்கள். ஸ்நோரி எழுதியது எர்லிங் இறந்து இருநூறு வருஷம் கழித்து. சாவைப் பற்றி அதற்கு முந்தைய சாட்சி இரண்டு உண்டு. ஒன்று கவிஞர் சிக்வாத் பாடியது. அவர் எதிரியின், அரசன் ஓலாவின் அவைக் கவிஞர். நம் மெய்க்கீர்த்திகள் ஜெயித்தவன் சம்பளத்தில் எழுதியவை. இங்கே ஜெயித்தவன் வீட்டுப் புலவர் தோற்றவருக்காகப் பாடியிருக்கிறார், அதனால் அதற்கு மதிப்பு ஜாஸ்தி. இன்னொன்று கல். ஸ்டாவங்கரில் அருங்காட்சியகத்தில் ஒரு கற்சிலுவை நிற்கிறது. ஓரத்தில் ரூன் என்ற அவர்களுடைய பழைய எழுத்து. ஒரு பாதிரியார் தன் எஜமான் எர்லிங்குக்காக, அவர் ஓலாவோடு சண்டையிட்டதைச் சொல்லி நட்டது. அதன் முன்னால் நின்றபோது எனக்கு உடையார்குடிக் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் யார் என்று அந்தக் கல் பெயர் சொல்லும், எப்படி என்று சொல்லாது. கல் எப்போதும் கொஞ்சமாகத்தான் பேசும். உரைநடை நிறையப் பேசும்.

கடைசிக் காட்சிக்கு ஐந்து நிமிடம் வையுங்கள். அதற்குள் எர்லிங் டென்மார்க், இங்கிலாந்து அரசன் க்னூட்டின் பக்கம் சாய்ந்துவிட்டார். டிசம்பர் 21, பொக்ன் தீவுப் பக்கம். எர்லிங்கின் கப்பல் வேகத்தில் தன் கூட்டத்தை விட்டு முன்னால் போய்விடுகிறது. ஓலாவ் மறைந்திருந்து வளைக்கிறான். ஆட்கள் எல்லாம் விழுந்து, பின்தளத்தில் எர்லிங் மட்டும் தனியாக நிற்கிறார். இதுவரை கவிஞர் சாட்சி. இனி ஸ்நோரி. “இன்றைக்கு முகம் காட்டுகிறாயே எர்லிங்” என்கிறான் அரசன். “கழுகுகள் முகத்துக்கு முகம்தான் கிழித்துக்கொள்ளும்” என்கிறார் இவர். சரணடையச் சம்மதிக்கிறார். துரோகிக்கு அடையாளம் வேண்டும் என்று அரசன் கோடாலி முனையால் கன்னத்தில் கீறுகிறான். அந்த நொடியில் ஆஸ்லாக் என்ற ஆள், எர்லிங்குக்கே சொந்தக்காரன், பாய்ந்து மண்டையில் வெட்டுகிறான். அரசன் கத்துகிறான்: “பாவி, நார்வேயையே என் கையிலிருந்து வெட்டிவிட்டாயே!”

அங்கே நிறுத்திவிட்டு டீ சொல்லுங்கள். அந்த அரசன் என்ன ஆனான் என்று டீ வருவதற்குள் யாராவது கேட்பார்கள். 1030 ஜூலை 29, ஸ்டிக்லஸ்டாட் போர்க்களம். அவனை வெட்டி வீழ்த்தியவர்களில் ஒருவன் ஆஸ்பியோர்னுடைய அப்பாவின் உடன்பிறந்தவன், பெயர் நாய்த் தூரே என்று சொல்லுங்கள். முன்வரிசைப் பையன் மறுபடி குரைப்பான். குரைக்கட்டும்.