மூலத்துக்கு ஆயுர்வேதமா ஆபரேஷனா: கேட்பதற்கு முன் செய்யும் தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை, பெங்களூரு அல்சூரில் உள்ள என் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜூனியர் டாக்டர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "சார், வெளியே ஒரு பைல்ஸ் கேஸ். லேசருக்கு எழுதட்டுமா, இல்ல அவர் கேக்குற மாதிரி ஆயுர்வேதமே பார்க்கச் சொல்லிடட்டுமா?"

"நீங்க பார்த்தாச்சா?"

"அவரே பைல்ஸ்னுதான் சொன்னார் சார்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை. இதே தவறை நான் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்கிறேன்.

நார்ச்சத்து சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், முக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்கள் பாட்டிக்கே தெரியும்.

பார்க்காமலே ஒப்பிடுவது

"எது நல்லது டாக்டர், ஆயுர்வேதமா ஆபரேஷனா?" வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். எதற்கு நல்லது என்பது அந்தக் கேள்வியில் இருப்பதே இல்லை. நம் ஊர்க்காரர்களுக்குப் பின்பக்கம் எது வந்தாலும் மூலம்தான். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கு மூலவ்யாதி. பேர் ஒன்று, நோய் மூன்று.

ஆசனவாயின் உள்ளே எல்லோருக்கும் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது. அது வீங்கிச் சரிந்தால் மூலம். சிவப்பாக ரத்தம் சொட்டும், ஆனால் பெரும்பாலும் வலிக்காது. உள்ளே ரத்தம் உறைந்துகொண்டாலோ, வெளியே வந்து மாட்டிக்கொண்டாலோதான் வலி. தோல் கிழிந்தால் அது வெடிப்பு. ரத்தம் கொஞ்சம்தான், வலியோ உயிரை எடுக்கும். போய்விட்டு வந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரியும். உள்ளிருந்து வெளித்தோல் வரை சுரங்கம் மாதிரி வழி விழுந்து சீழ் கசிந்தால் பவுத்திரம்.

இப்போது என் கதை. அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். முடித்த மறு வருடம், வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருந்தவர் ஒருவர் வந்தார். வயது நாற்பதுக்குள். கண்ணாடித் துண்டு கிழிப்பது மாதிரி வலிக்கிறது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. வலியில் அவர் விரலை உள்ளே விடவே சம்மதிக்கவில்லை. நானும் சரி, மயக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முதுகில் ஊசி போட்டதும் தசை தளர்ந்துவிட்டது. கருவியை விட்டுப் பார்த்தால், ஆசனவாயைக் கடிகார முகமாக நினைத்தால் 3, 7, 11 மணி இடங்களில், புத்தகத்தில் போட்டிருப்பது போலவே மூன்று மூலம். மூன்றையும் வெட்டி எடுத்தேன். 6 மணி இடத்தில், மடிப்புக்குள் இருந்த வெடிப்பைத் தேடவே இல்லை. மூலம் கிடைத்துவிட்டதே!

ஆறு வாரம் கழித்து வந்தார். ஆபரேஷன் புண் ஆறியிருந்தது. வலி அப்படியே இருந்தது. அதே கண்ணாடித் துண்டு. நான் இன்னொரு களிம்பு எழுதிக் கொடுத்தேன்.

அவர் என்னை விட்டுவிட்டு ஒரு ஆயுர்வேத டாக்டரிடம் போனார். அந்த டாக்டர் பார்த்தார். வெடிப்பு என்றார். மலம் இளக மருந்து, நெய்யில் காய்ச்சிய பூச்சு, திரிபலாக் கஷாயத்தில் உட்காரவைத்தல். இரண்டு மாதத்தில் ஆள் சிரித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். "ஆபரேஷன்ல போகாத மூலம் ஆயுர்வேதத்துல போச்சு" என்று தெரு முழுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. போனது மூலம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதைக் கேட்டவர்களில் ஒருவர் எதிர்க்கடைக்காரர். இவருக்கு இருந்தது நிஜமான மூலம். வெளியே வரும், விரலால் உள்ளே தள்ள வேண்டும், காலையில் பீங்கான் முழுக்கச் சிவப்பு. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருந்தார். தையல்காரரின் பேச்சைக் கேட்டுத் தேதியை விட்டுவிட்டு, யாரோ ஒருவரிடம் பார்சலில் லேகியம் வரவழைத்துப் பதினாலு மாதம் சாப்பிட்டார். அனுப்பியவர் இவரைப் பார்த்ததே இல்லை. கடைசியில் மாடிப்படி ஏற முடியாமல் நாங்கள் இருந்த வார்டுக்கே வந்து சேர்ந்தார். உள்ளங்கை வெள்ளைக் காகிதம் மாதிரி. ஹீமோகுளோபின் 5.8. முதலில் ரத்தம் ஏற்றி, அப்புறம் ஆபரேஷன்.

லேகியக்காரரைத் திட்டுவது சுலபம். தையல்காரர் வாயில் அந்த வாக்கியத்தை வைத்தவன் நான்தான். பார்க்காமல் வெட்டிய ஒரு ஆபரேஷன், இன்னொரு மனிதருக்கு ஆபரேஷன் மேல் இருந்த நம்பிக்கையையும் வெட்டிவிட்டது. ஜூனியர் கதவில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உள்ளங்கை ஞாபகம் வருகிறது.

மூலம் என்று தெரிந்த பிறகும் நிலையைக் கேட்காதது

ரத்தம் மட்டும் வந்தால் 1ஆம் நிலை. வெளியே வந்து தானே உள்ளே போனால் 2. கையால் தள்ளினால் 3. தள்ளினாலும் போகாவிட்டால் 4. உங்கள் மாமாவுக்குக் கஷாயத்தில் சரியானது 1. உங்கள் மேனேஜர் ஆபரேஷன் செய்து மூன்று வாரம் துடித்தது 4. இரண்டையும் எப்படி ஒப்பிடுகிறீர்கள்? 1, 2 பெரும்பாலும் சாப்பாட்டு மாற்றத்துக்கும் மருந்துக்கும் அடங்கும். அடங்காவிட்டால் ரப்பர் வளையம் மாட்டுவோம். வலி தெரியாத பகுதியில்தான் மாட்டுவது; மூலம் ரத்தமில்லாமல் வாடி, ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். பாரன் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆச்சரியம், நிறையப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆயுர்வேதம் என்றால் லேகியம் மட்டும் என்று நினைப்பது

"கத்தி வேண்டாம், அதான் ஆயுர்வேதம் போறேன்" என்பவர்களுக்குச் சுஸ்ருத சம்ஹிதையைக் காட்ட வேண்டும். மூலத்துக்கு அதில் நாலு வழி: மருந்து, காரம், சூடு, கத்தி. புதிதாக வந்தது, தொல்லை குறைவு என்றால் மருந்து. மென்மையாகப் பரவி ஆழமாக இருந்தால் காரம். சொரசொரப்பாக, அகலமாக, கடினமாக இருந்தால் சூடு. அடி மெலிந்து மேலே எழும்பி நின்றால் கத்தி. கவனியுங்கள், ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவு.

காரம் என்பது நாயுருவிச் சாம்பலில் இருந்து எடுக்கும் க்ஷாரம். தன்வந்திரி சாலையில் இருக்கும் அரசு ஆயுர்வேத மருத்துவமனைப் பக்கம் படித்த நண்பர் ஒருவர் இதைச் செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்தில் திறப்புள்ள குழாயை விட்டு, மூலத்தின் மேல் மட்டும் பசையைத் தடவி, நூறு எண்ணும் நேரம் மூடிவைத்தார். திறந்தால் சிவப்பு போய், பழுத்த நாவல்பழ நிறம். உடனே எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கழுவினார். காரத்தைப் புளிப்பு முறித்துவிடும். நாவல்பழம், நூறு எண்ணிக்கை இரண்டுமே பழைய நூலில் உள்ளதுதான். கை தெரிந்தவர் செய்தால் நல்ல முறை. தெரியாதவர் செய்தால் பக்கத்துத் தோலும் வெந்துவிடும்.

2020 நவம்பரில் ஆயுர்வேத முதுநிலைப் படிப்பில் 58 அறுவைச் சிகிச்சைகளைச் சேர்த்து அறிவிப்பு வந்தபோது எங்கள் அலோபதி ஆட்கள் கொதித்தார்கள், டிசம்பர் 11 அன்று வேலைநிறுத்தமும் நடந்தது. மற்ற ஆபரேஷன்களில் எனக்கும் சண்டை உண்டு. மூலத்தில் இல்லை.

க்ஷார சூத்திரத்தின் பெயரை மூலத்தில் செலவழிப்பது

கள்ளிப்பால், நாயுருவிக் க்ஷாரம், மஞ்சள் பூசிய நூல். மூலத்தையும் கட்டுவார்கள், ஆனால் அந்த நூல் பெயர் வாங்கியது பவுத்திரத்தில். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 1991 ஆய்வில், நூல் போட்டவர்களுக்கு ஆற ஏறக்குறைய எட்டு வாரம், ஆபரேஷன் செய்தவர்களுக்கு நாலு. ஆனால் திரும்ப வந்தது நூலில் 4 சதவீதம், ஆபரேஷனில் 11. பவுத்திரக்காரர்களை நானே நண்பரிடம் அனுப்புகிறேன்.

புதுக் கருவி என்றால் மேல் என்று நம்புவது

இன்று லேசருக்கு இருக்கும் வரவேற்பு, மூலத்தை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவிக்கும் ஒரு காலத்தில் இருந்தது. பிரிட்டனில் 777 பேரை வைத்து நடந்து 2016இல் வந்த ஆய்வில், முதல் சில வாரம் வலி குறைவு, உண்மை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் பழைய வெட்டு முறை செய்தவர்களே நிம்மதியாக இருந்தார்கள். 1937 முறைதான் அது. லேசர் விளம்பரத்தைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

"ஊசியில் கரைக்கிறோம்" என்று சுவரில் எழுதிய இடம்

போகாதீர்கள்.

லேபிள் இல்லாத பொடி

ஆயுர்வேதத்தில் ரச மருந்துகள் என்று ஒரு வகை; அவற்றில் பாதரசம் உண்டு. யார் செய்தது என்று தெரியாததை விழுங்காதீர்கள்.

நாற்பத்தைந்து தாண்டியவரின் ரத்தம்

மூலம் இருப்பது கண்ணால் தெரிந்தாலும், குடலை உள்ளே பார்க்காமல் சமாதானம் ஆகக் கூடாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

வெந்நீர்த் தொட்டி

இதில் எனக்கும் நண்பருக்கும் சண்டையே இல்லை. அகலமான பிளாஸ்டிக் டப், கை பொறுக்கும் சூடு, பத்து நிமிடம். அவர் திரிபலாக் கஷாயம் கலக்கச் சொல்வார், நான் வெறும் தண்ணீர். டெட்டால் மட்டும் ஊற்றாதீர்கள், எரியும்.